பிரசவம் முடிந்தாலும் கவனம் முடியக் கூடாது

பிரசவ அறைக்குள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டதும் வெளியே நிற்பவர்களின் கை செல்போனுக்குப் போகிறது. ‘தாயும் சேயும் நலம்’ என்ற செய்தி சில நிமிடங்களில் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடுகிறது. மருத்துவக் கணக்கில் அந்தச் செய்திக்கு அவ்வளவு அவசரம் ஆகாது. பேறுகால மரணங்களில் பெரும்பங்கு குழந்தை பிறந்த பிறகே நிகழ்கிறது; அதிலும் முதல் 24 மணி நேரம் மிக ஆபத்தானது.

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தால் வந்த அல்லது கர்ப்பத்தால் தீவிரமான கோளாறினால் ஒரு பெண் இறந்தால் அதைப் பேறுகால மரணம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பிரசவம் ஆனதா, கரு கலைந்ததா என்பது இதில் பொருட்டில்லை. விபத்து போன்ற, கர்ப்பத்தோடு தொடர்பில்லாத காரணங்களால் நேரும் சாவுகள் இதில் சேராது. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும், தமிழ்நாட்டில் 54 பேரும், கேரளத்தில் 19 பேரும் இறந்ததாக மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்கு சொல்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் சிக்கலை ஏறக்குறையத் தாண்டிவிட்டோம். இனி ஆபத்தைக் கர்ப்பத்திலேயே கண்டுபிடிப்பதும், பிரசவத்துக்குப் பிறகு தாயைக் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பதும்தான் உயிர்களை மீட்கும்.

உயிரைப் பறிப்பவை எவை?

முதலாவது உதிரப்போக்கு. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை சுருங்கி கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாக வேண்டும். அந்தச் சுருக்கம்தான் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை அடைக்கிறது. சுருங்காமல் தொளதொளவென்று இருந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். இதைத் தடுக்க, குழந்தை பிறந்த உடனேயே 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது வழக்கம். சுகப்பிரசவத்தில் 500 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அது அபாயக் கணக்கு. கண்ணளவில் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைச் சேகரித்து அளந்து, சிகிச்சைகளை ஒருசேரத் தொடங்கியபோது கடும் உதிரப்போக்கு முதலான பாதிப்புகள் 60 விழுக்காடு குறைந்ததை, நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

‘கெட்ட ரத்தம் போனால்தான் உடம்பு லேசாகும்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, முட்டையளவு கட்டிகள் வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

எந்த ஆபத்து அறிகுறியும் இல்லாத பெண்ணுக்கும் உதிரப்போக்கு வரலாம். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது ஓர் ஆசிரியை இறந்துபோனார். வீட்டுப் பிரசவத்தை இயற்கை முறை என்று பரப்புகிறவர்கள் மறைக்கும் உண்மை இது: ரத்தம் கொட்டத் தொடங்கிய பிறகு ஆம்புலன்ஸ் வந்துசேர நேரம் இருக்காது.

ரத்தசோகை இந்த ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடல் சிறிய இழப்பையும் தாங்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மருத்துவமனைச் சிகிச்சை கட்டாயம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் பலன் குறைந்துவிடும்.

இரண்டாவது ரத்தக் கொதிப்பு. ஐந்து மாதத்துக்குப் பிறகு அளவு 140/90-ஐத் தொட்டால் எச்சரிக்கை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல் ஆகியவை வலிப்புக்கு முன்னறிவிப்பு. ஊரில் இதை ஜன்னி என்பார்கள். பேய், காற்று என்று மந்திரிக்கப் போகிற நேரத்தில் மெக்னீசியம் சல்பேட் ஊசி உயிரைக் காப்பாற்றிவிடும். பிரசவத்துக்குப் பின்னும் இந்த வலிப்பு வரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

மூன்றாவது கிருமித்தொற்று. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அடிவயிற்று வலி இருந்தால், ‘பால் கட்டிய காய்ச்சல்’ என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். படுத்தால் மூச்சு வாங்குவது இதயக் கோளாறாகவும், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம். தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஆகியவையும் மருத்துவ அவசரமே. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவது இன்னொரு ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால் அது வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பாதுகாப்பாகக் கருக்கலைப்பு செய்துகொள்ள வழி தருகின்றன: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை, இரு மருத்துவர்களின் கருத்தோடு. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மணமாகாத பெண்ணையும் விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

தாய்வீட்டுக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் வழக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. புகுந்த ஊரின் கிராம சுகாதார செவிலியருக்குக் கர்ப்பிணியின் ரத்தக் கொதிப்பும் பழைய சிசேரியனும் தெரியும். பிறந்த ஊரின் செவிலியருக்குத் தெரியாது. பரிசோதனை அட்டையையும் கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது தந்த பிக்மி எண்ணையும் கையோடு கொண்டுபோய், போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும். ரத்த வகை, ரத்தம் தர இருவர், இரவில் கிடைக்கும் வண்டி, 108, எந்த மருத்துவமனை என்பவற்றை எட்டாம் மாதத்திலேயே முடிவுசெய்யுங்கள். மாமியாரைக் கேட்க வேண்டும், கணவர் வரட்டும் என்று அவசர நேரத்தில் காத்திருக்காமல் முடிவெடுப்பவர் யார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

2011 ஜூன் 1-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாட்களும் சிசேரியனுக்கு 7 நாட்களும் உணவு தர வேண்டும். வீட்டிலிருந்து அழைத்து வரவும், மேல்சிகிச்சைக்கு மாற்றவும், திரும்பக் கொண்டுபோய் விடவும் வாகனச் செலவு கிடையாது. ஆண் குழந்தை பிறந்தது என்று கையூட்டு கேட்டால் கொடுக்காமல் 104-இல் புகார் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் நேரடியாகப் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நடக்கிறது.

அவசர நோயாளிக்கு அரசு மருத்துவமனை சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவுபடுத்தியது. கர்ப்பிணிக்கு எந்தக் கட்டத்திலும் அவரது சமூக, பொருளாதார நிலையைக் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது.

மரணம் நேர்ந்துவிட்டால்

ஒவ்வொரு பேறுகால மரணமும் தணிக்கை செய்யப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் உடனிருந்த உறவினர்களின் வாக்குமூலமும் கேட்கப்பட வேண்டும். தண்டனை தருவது இதன் நோக்கமில்லை; தாமதம் எங்கே நேர்ந்தது என்று கண்டறிவதே நோக்கம். அதனால் நேரங்களை வரிசைப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை. தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு போடலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே மாநில மனித உரிமை ஆணையத்தை ஓராண்டுக்குள் அணுகலாம், உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். இறந்தவரின் தாயோ சகோதரியோ வழக்கு நடத்தினால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் என்பதாலேயே அவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கான எண் 15100.