நர்ஸ்களுக்கு 5 ஆண்டில் 150 மணி நேரப் பயிற்சி... அந்த நேரம் யார் கணக்கில்?

நர்சிங் படித்து, மாநில கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துவிட்டால் ரிட்டயர் ஆகும் வரை கவலையில்லை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 150 மணி நேரம் தொடர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 30 மணி நேரம்.

விதியில் தப்பே இல்லை. மருந்து மாறுகிறது, மெஷின் மாறுகிறது, கிருமித் தடுப்பு முறைகள் மாறுகின்றன. பத்து வருஷத்துக்கு முன்னால் படித்ததை வைத்தே ஐசியுவில் காலம் தள்ள முடியாது. ஆனால் வகுப்புக்கு எப்போது போவது? பல இடங்களில் வார ஆஃப் அன்று. இல்லையென்றால் நைட் டூட்டி முடித்த கையோடு, தூக்கக் கலக்கத்தில்.

சிக்கல் எங்கே என்று பார்க்க, வார்டு கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'1:3' என்றால் மூணு பேருக்கு ஒரு நர்ஸா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் அளவு. 1987ல் பஜாஜ் குழு பரிந்துரைத்ததும் இதுதான். ஆனால் இது பணியிடங்களின் கணக்கு. காலை, மதியம், இரவு என மூன்று ஷிஃப்டுக்கும் பிரித்தால், ஒரு நேரத்தில் 9 நோயாளிகளுக்கு ஒருவர். குழுவே ஷிஃப்டுக்கு 1:9 என்றுதான் சேர்த்துச் சொன்னது. அதோடு விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக 30% கூடுதல் பணியிடமும் வேண்டும் என்றது.

இந்த 30 சதவீதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

36 படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1:3 கணக்கில் 12 பேர். ஷிஃப்டுக்கு 4 பேர். வாரத்துக்கு மொத்தம் 84 டூட்டி. 12 பேரும் வாரம் ஆறு நாள் வந்தால் 72 டூட்டிதான் தேறும். மீதி 12 டூட்டிக்கு ஆள் இல்லை. வார ஆஃப் கொடுப்பதற்கு மட்டுமே இன்னும் 2 பேர் வேண்டும்.

30 சதவீதத்தைச் சேர்த்தால் 16 பேர் கிடைப்பார்கள். வார ஆஃபுக்கு 2 பேர் போக, கையில் இருப்பது 2 பேர். கேஷுவல் லீவு, உடம்பு சரியில்லாத லீவு, பிரசவ விடுப்பு எல்லாமே இந்த இரண்டு பேரை வைத்துத்தான். தமிழ்நாட்டில் பெண் அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பிரசவ விடுப்பு 12 மாதம். வார்டில் ஒரே ஒரு சிஸ்டர் பிரசவத்துக்குப் போனாலும் இரண்டில் ஒன்று காலி.

இப்போது பயிற்சிக்கு வருவோம். 16 பேர், ஆளுக்கு 30 மணி நேரம் என்றால் 480 மணி நேரம். 8 மணி நேர டூட்டியாகப் பார்த்தால், ஒரு வார்டுக்கு வருஷத்தில் 60 டூட்டி. அந்த 60 டூட்டியை யாராவது பார்த்தாக வேண்டும். கூடுதல் பணியிடம் காகிதத்தோடு நின்றுவிட்டால், மீதி இருப்பது நர்ஸின் சொந்த நேரம் மட்டும்தான்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்?

ஷிஃப்டில் 4 பேரில் ஒருவர் வராவிட்டால், மற்ற மூவருக்கும் தலா 12 நோயாளிகள். இதன் விளைவு பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அமெரிக்காவில் 2002ல் வந்தது. லிண்டா ஐகென் தலைமையிலான குழு பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளைப் பார்த்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% அதிகமாக இருந்தது. நர்ஸ் மனதளவில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23% அதிகம். இரண்டும் ஒரே ஆய்வில், ஒரே காரணத்தோடு சேர்ந்து வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சோர்வை உலக சுகாதார அமைப்பு 2019ல் வகைப்படுத்தியபோது நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றது. அதனால்தான் நர்ஸ் தினத்தன்று யோகா வகுப்பு வைத்து, கேக் வெட்டி, போட்டோ எடுப்பதோடு இது தீராது. யோகா நல்லதுதான், ஆனால் அதையும் ஆஃப் நாளில் வைத்தால் என்ன சொல்வது!

வேறு எங்கே, எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2004 முதல் சட்டமே இருக்கிறது. அங்கே பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 5 நோயாளிகள். எந்த நேரத்திலும் இந்த அளவு இருக்க வேண்டும் என்பதால், ஒருவர் சாப்பிடப் போனாலும் மாற்று ஆள் வேண்டும். ஓய்வும் எண்ணிக்கைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்ஸ் பஞ்சம். ஊரெல்லாம் ஆள் கிடைக்காதபோது சில மருத்துவமனைகளில் மட்டும் வேலையை விடுகிறவர்கள் குறைவாக இருந்தார்கள். அமெரிக்க நர்சிங் அகாடமி அப்படி 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து 1983ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றுக்கு வைத்த பெயர் 'மேக்னெட்', அதாவது காந்த மருத்துவமனைகள். போதுமான ஆட்கள், வளைந்து கொடுக்கும் டூட்டி நேரம், மேற்படிப்புக்கு ஆதரவு, முடிவெடுக்கும் இடத்தில் நர்சிங் தலைவர். இவையெல்லாம் அந்த இடங்களில் ஒன்றாக இருந்தன. படிப்பைத் தனியாக, ஓய்வைத் தனியாக அவர்கள் பார்க்கவில்லை.

இங்கே கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனை கொடூரத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழு பரிசீலிக்க வேண்டிய விஷயங்களில் மருத்துவர்கள், செவிலியர்களுக்குத் தனி ஓய்வறையும் இருந்தது. இதை உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டுகிறது.

மருத்துவமனை என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாத வழிகளும் உண்டு. வகுப்பை ஷிஃப்ட் மாறும் நேரத்தை ஒட்டி ஒரு மணி நேரமாக வைத்து, அதை டூட்டி நேரமாகவே கணக்கிடலாம். ரோஸ்டரில் 'ஆஃப்' மாதிரியே 'பயிற்சி' என்றும் எழுதலாம். நைட் முடித்தவரை அன்று வகுப்புக்குக் கூப்பிடாமல் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்கள் ஒரு சீனியர் சிஸ்டரைத் துணைக்குப் போட்டால், தனியாக வகுப்பு எடுப்பதைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார். ஆனால் அந்த சீனியருக்கு நோயாளிகளைக் குறைத்துத் தர வேண்டும். சுற்றிச் சுற்றி ஆள் கணக்குக்குத்தான் வருகிறோம்.

பதிவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். எல்லா கருத்தரங்கச் சான்றிதழும் கணக்கில் வராது. நிகழ்ச்சிக்கு மாநில கவுன்சில் எத்தனை மணி நேரம் அனுமதித்திருக்கிறது, அது சான்றிதழில் அச்சாகுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.