தலைகீழ் கிட்டாரும் மெம்ஃபிஸ் தாளமும்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மூடிக் கிடந்த ஒரு பழைய சினிமா கொட்டகையை 1960இல் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் வாடகைக்குப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். இருக்கைகளைப் பிடுங்கினார்கள், திரையை நோக்கிச் சரிந்த தரையை அப்படியே விட்டார்கள். தின்பண்டம் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை வந்தது. ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் வளர்ந்தது அங்கேதான்.

நாற்பதைத் தாண்டிய ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஆல்பர்ட் கிங் 1966இல் இந்தக் கூடத்துக்கு வந்தார். ஒரு காலத்தில் புல்டோசர் ஓட்டிப் பிழைத்த ஆஜானுபாகு. அங்கே தனித்தனியாகப் பதிவாகி வெளிவந்த அவருடைய சிறு இசைத்தட்டுப் பாடல்களோடு வேறு சிலவும் சேர்ந்து 1967இல் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' ஆல்பமானது. மொத்தம் 11 பாடல்கள்.

கிங் இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரை, தந்திகளை மாற்றிக் கட்டாமலே திருப்பிப் பிடித்தார். அதனால் மெல்லிய தந்திகள் மேலே வந்துவிட்டன. பிறர் மேல்நோக்கித் தள்ளும் அந்தத் தந்திகளை அவர் கீழ்நோக்கி இழுப்பார். சுருதியையும் வழக்கத்தைவிடத் தாழ்த்தி வைத்திருந்ததால் ஸ்வரம் வெகுதூரம் வளைந்து ஏறும். மீட்டுவது வெறும் கட்டைவிரலால். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும்.

அந்த நிறுத்தங்களில்தான் ஸ்டாக்ஸின் சோல் இசை அவருடைய ப்ளூஸுக்குள் வந்தது. ஸ்டாக்ஸின் சொந்தக் குழுவான 'புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்' கலைஞர்கள் கொஞ்சமாக வாசித்து நிறைய உணர்த்துபவர்கள். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைத்திருந்த நகரத்தில் இரு கறுப்பரும் இரு வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழு அது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இடையிடையே சுருக்கமாக வந்து வெட்டும்.

புக்கர் டி ஜோன்ஸும் பாடகர் வில்லியம் பெல்லும் எழுதிய தலைப்புப் பாடலைக் கேளுங்கள். வழக்கமான பன்னிரண்டு-பார் (தாள அளவு) ப்ளூஸில் ஐந்தாவது பாரில் கார்டு (சுரக்கூட்டு) மாறிவிடும். இங்கே பேஸும் கிட்டாரும் ஒரே கனத்த சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்து, அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுகின்றன. புலம்பல் நடையாக மாறுகிறது, கால் தானாகத் தாளம் போடுகிறது. பழைய ப்ளூஸ் பாட்டான 'கிராஸ்கட் சா'வுக்கோ டிரம்மர் அல் ஜாக்சன் ஜூனியர் லத்தீன் சாயலில் ஒரு துள்ளலைக் கொடுத்தார். இந்த ஆல்பத்தின் பெருமையில் கிங்குக்கு இணையான பங்கு ஜாக்சனுக்கும் உண்டு. அவர் பெயர் போதிய அளவு பேசப்படுவதில்லை.

ராக் கிட்டார் கலைஞர்களுக்கு இந்த ஆல்பம் பாடப்புத்தகமே ஆனது. எரிக் கிளாப்டனின் கிரீம் குழு தலைப்புப் பாடலைத் தானும் வாசித்து 1968இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில், ராக் கேட்டு வளர்ந்த இளைஞர் கூட்டத்தின் முன் கிங் வாசித்தார். அந்தக் கச்சேரிப் பதிவையும் ஸ்டாக்ஸே 'லைவ் வயர்/ப்ளூஸ் பவர்' என்று வெளியிட்டது.