மும்தாஜ் மஹால்: புளூஸ் பாட்டுக்குக் கோட்டுவாத்தியம்

‘மும்தாஜ் மஹால்’ என்பது 1995இல் அமெரிக்காவின் வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் இறுவட்டு. அதில் கிட்டார் வாசித்துப் பாடியிருப்பவர், தாஜ் மஹால் என்ற பெயரில் உலகம் அறிந்த கறுப்பின அமெரிக்க புளூஸ் கலைஞர். கூட இருப்பவர்கள் இருவர்: மோகன வீணை வாசிக்கும் ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட், சித்ரவீணை வாசிக்கும் என். ரவிகிரண். பாடகரின் பெயர் கல்லறையின் பெயர் என்பதால், இறுவட்டுக்கு அந்தக் கல்லறையில் உறங்கும் அரசியின் பெயரை வைத்துவிட்டார்கள். இந்தக் கூட்டணியை அமைத்த நிறுவனத்தை நடத்தியவர் இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் குடியேறிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர்.

தாஜ் மஹாலின் இயற்பெயர் ஹென்றி செயின்ட் கிளேர் ஃப்ரெடரிக்ஸ். 1942இல் நியூயோர்க்கில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தார். தந்தை கரீபியன் தீவு வம்சாவளியினர். ஜாஸ் இசையில் தேர்ந்தவர். தாய் தென் கரோலினாக்காரர்; தேவாலயப் பாட்டுப் பாடுபவர். காந்தியையும் இந்தியாவையும் பற்றிக் கண்ட கனவுகளிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கால்நடை வளர்ப்பு. 1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸ் போய், ரை கூடர் என்ற இளம் கிட்டார் கலைஞரோடு ‘ரைசிங் சன்ஸ்’ என்ற குழுவில் சேர்ந்தார். குழு நிலைக்கவில்லை; நட்பு நிலைத்தது. முதல் தனி இசைத்தட்டு 1968இல் வந்தது.

புளூஸ் எங்கிருந்து வந்தது என்பதை மலையகத்து வாசகருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. மிசிசிப்பி ஆற்றோரப் பருத்தித் தோட்டங்களில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் கடனிலேயே உழன்ற காலத்தில் உருவான பாட்டு அது. பிரிவு, பசி, துரையின் கணக்கு, ஊரைவிட்டுப் போகும் ரயில் ஆகியவையே அதன் பாடுபொருள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் லயத்து வாசலில் கேட்ட ஒப்பாரிக்கும், பெரட்டுக்கு அழைத்த தப்புச் சத்தத்துக்கும், கங்காணியைக் குத்திக்காட்டும் தெம்மாங்குக்கும் இது தூரத்துச் சொந்தம். ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. அங்கே தொடக்கம் சங்கிலி, இங்கே துண்டுக் கடன். பாட்டுகளுக்கு வாய்த்த விதியும் வேறு. 1920களிலேயே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் புளூஸில் காசு இருப்பதைக் கண்டுகொண்டன. தோட்டத்துப் பாட்டுகள் அச்சேறவே வெகுகாலம் பிடித்தது, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூல் வந்தது 1983இல்.

மூன்று பேரையும் ஓரிடத்தில் உட்காரவைத்தது ஒரு வாசிப்பு முறை. கிட்டாரில் விரலால் தந்தியைக் கட்டைக்கு அழுத்தாமல், வழவழப்பான ஒரு பொருளைத் தந்தி மேல் வைத்துச் சறுக்கினால் சுரங்கள் படிப்படியாக வராமல் வழுக்கிக்கொண்டு வரும். புளூஸ்காரர்கள் இதற்குப் போத்தலின் கழுத்தையோ கத்தியையோ எடுத்தார்கள். 1903இல் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக, டபிள்யூ. சி. ஹாண்டி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் ஹவாய் தீவில் கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் வாசிக்கும் வழக்கம் பரவிக்கொண்டிருந்தது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கியதும் அந்தக் கிட்டார் இந்தியாவில் வேர்பிடித்ததற்கு ஒரு காரணம். அதில் இராகம் வாசித்துப் பெயர் வாங்கியவர் பிரிஜ் பூஷன் காப்ரா. அந்த வழியில் வந்த பட், ரவிசங்கரின் சீடர். கிட்டாரோடு 12 அனுதாபத் தந்திகளைச் சேர்த்து அதற்கு மோகன வீணை என்று பெயரிட்டார். அனுதாபத் தந்திகளை யாரும் மீட்டுவதில்லை. மேலே சுரம் ஒலித்தால் அவை தாமாக அதிரும்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் ஹவாய் தேவைப்படவில்லை. திருவிடைமருதூர் சகாராம ராவ் பேர்பெறச் செய்த கோட்டுவாத்தியம், மெட்டு இல்லாத வீணை. வலக்கை மீட்ட, இடக்கை ஒரு கட்டையைத் தந்தி மேல் ஓட்டும். 21 தந்திகள் உள்ள இந்த வாத்தியத்துக்குச் சித்ரவீணை என்றும் பெயர். ரவிகிரணின் பாட்டனார் நாராயண ஐயங்கார் இதில் பெரும் வித்துவான். ரவிகிரணோ 1969இல், இரண்டு வயதில், இராகங்களை அடையாளம் சொல்லிச் சபையை வியக்கவைத்தவர். இறுவட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 28தான். ஆனாலும் மேடை அனுபவத்தில் மூத்தவர்களோடு சமமாக உட்காரத் தகுதி இருந்தது.

சறுக்கல் ஏன் இவ்வளவு முக்கியம்? புளூஸ் பாடகர் காந்தாரத்தைப் பிடிக்கும்போது அது சாதாரண காந்தாரமும் அல்ல, அந்தர காந்தாரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்று நெளியும். நிஷாதமும் அப்படியே. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. கர்நாடக இசை கேட்டவருக்கு இது புதிதல்ல: தோடியின் காந்தாரம் பெரும்பாலும் அசைந்தபடியேதான் வரும். எனவே தாஜ் மஹால் கரகரத்த குரலில் ஒரு சுரத்தை இழுத்தால், இரு வீணைகளாலும் அதே வளைவைத் திருப்பிச் சொல்ல முடியும். கடைசிப் பாடலின் பெயரே இந்தக் கால் சுரங்களைக் கறியோடு சேர்த்துக் கேலியாகச் சொல்கிறது: ‘கறி அண்ட் குவார்ட்டர்டோன்ஸ்’.

இடையூறும் உண்டு. புளூஸ் நகர்வது சுரக்கூட்டுகளால். ஸட்ஜத்தில் தொடங்கி, மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் அடி மாறி, திரும்பி வரும். இராகத்துக்கு அடி மாறுவதில்லை. தம்புரா போல ஒரே ஸட்ஜம். மோகன வீணையின் அனுதாபத் தந்திகளும் அந்த ஒரே சுருதிக்குக் கட்டுப்பட்டவை. கிட்டார் வேறு கூட்டுக்குப் போகும்போது அவை போக முடியாது. ஆகவே மெதுவாக, கூட்டு அதிகம் மாறாமல் ஓடும் பாடல்களே இதில் சிறந்து நிற்கின்றன. பலருக்கும் தெரிந்த ‘ஸ்டாண்ட் பை மீ’ இங்கே இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வீணைகள் விருந்தாளிகள் மாதிரி.

ஏழு பாடல்களின் தேர்வே ஒரு கப்பல் பயணம். முதலாவதன் தலைப்பு மேற்கு ஆபிரிக்க மண்டிங்கா மக்களின் வருகையைச் சொல்கிறது. அடுத்தது ராபர்ட் ஜோன்சன் 1936இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒலிப்பதிவு செய்த ‘கம் ஆன் இன் மை கிச்சன்’. அடிமைக் காலத்துப் பக்திப் பாடலான ‘மேரி டோன்ட் யூ வீப்’ இருக்கிறது. யமைக்காவின் ரெகே பாட்டான ‘ஜானி டூ பேட்’ இருக்கிறது. ஆபிரிக்கா, மிசிசிப்பி, கரீபியன் என்று சிதறிய ஒரே மக்களின் பாட்டுகள், கடைசியில் இந்தியத் தந்திகளில் கரையேறுகின்றன.

இதற்கு முன்னோடி, அதே நிறுவனத்தின் ‘எ மீட்டிங் பை த ரிவர்’. தாஜ் மஹாலின் பழைய கூட்டாளி ரை கூடரும் பட்டும் 1992 செப்டெம்பரில் சாந்தா பார்பராவின் ஒரு சிற்றாலயத்தில் ஒன்றாக வாசித்தது. இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னர்தான், ஒத்திகை கிடையாது. இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் குறுக்காக நிறுத்தி, ஆலயத்தின் எதிரொலியோடு சேர்த்துப் பதிவாக்கினார் அலெக்சாண்டர். அது 1994இல் கிராமி விருது பெற்றது. ‘மும்தாஜ் மஹால்’ அந்த அளவுக்குப் புகழடையவில்லை. ஆனாலும் குரல் இருப்பதாலேயே அது முன்னதைவிட மண்ணுக்கு நெருக்கமானது என்பதை மறுக்க முடியாது.

மற்றக் கலைஞர்களோடு கூடி வாசிக்கும் பழக்கத்தைத் தாஜ் மஹால் விடவில்லை. 1999இல் மாலி நாட்டின் கோரா வாத்தியக் கலைஞர் டூமானி டியாபடேயோடு ‘குலஞ்ஞான்’ வந்தது. 2022இல், எண்பதை எட்டும் வயதில், எழுபத்தைந்து வயது ரை கூடரோடு மறுபடி உட்கார்ந்து, பழைய புளூஸ் இணையரான சோனி டெர்ரி, பிரவுனி மக்கீ ஆகியோரின் பாடல்களை ‘கெட் ஆன் போர்ட்’ என்று வெளியிட்டார். மறுவருடம் அதற்கும் கிராமி கிடைத்தது. ‘மும்தாஜ் மஹாலை’ முதல்முறை கேட்போர் இரண்டாவது பாடலிலிருந்து தொடங்கலாம்.