விளக்கு வைத்த பிறகு

எங்கள் வீட்டில் இப்போது இரவு பத்தரை மணிக்குத்தான் கூடம் பெருக்கப்படுகிறது. சுவரோரச் சார்ஜரிலிருந்து தோசைக்கல் அகலத்தில் ஒரு வட்டத் தட்டு தானாக விலகி வரும். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரைத் தொட்டும் தொடாமலும் புறப்படும். விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் படுத்திருப்போம். அதற்கு வெளிச்சம் வேண்டாம். தலையிலுள்ள குமிழுக்குள் லேசர் சுழல்கிறது. கதிர் எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்தே நாற்காலிக் கால் எங்கே, சுவர் எங்கே என்று தெரிந்துகொள்கிறது.

பாட்டி இருந்திருந்தால் இந்த நேரத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டாள். விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடக் கூடாது என்பது திருவாரூர்ப் பக்கத்து எங்கள் வீட்டின் சட்டம். லட்சுமி போய்விடுவாள் என்பது வெளியே சொன்ன காரணம். அரிக்கேன் வெளிச்சத்தில் கண் தெரியாது என்பது சொல்லாத காரணம். தோட்டின் திருகாணி கழன்று விழுந்திருந்தால் குப்பையோடு குப்பையாகப் போய்விடும். சோறோ பருப்போ சிந்தி, பெருக்கியே ஆக வேண்டும் என்றால், கூட்டியதை வாசலுக்குக் கொண்டுபோகாமல் மூலையில் ஒதுக்கி முறத்தைக் கவிழ்த்து வைப்பாள். விடிந்து, பார்த்துவிட்டுத்தான் அள்ளுவாள். யாராவது ஊருக்குக் கிளம்பிப் போனாலும் உடனே பெருக்க மாட்டாள்.

இயந்திரத்துக்கு இதெல்லாம் கிடையாது. மகன் விடுதிக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, அவன் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அது பெருக்க வந்துவிட்டது. அன்று மட்டும் நேரத்தை மாற்றி வைத்திருந்தது நான்தான். இரவு பெருக்குவதைப் பற்றி அம்மாவிடம் தயங்கித்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குப்பை அது வயித்துக்குள்ளதானே இருக்கு, வெளியே கொட்டலையே. காலையில எடுத்துக்கலாம்" என்றாள். சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது பாட்டிக்கே தெரிந்திருக்காது.

பாட்டி காலத்தில் வேலை காலை நாலரைக்குத் தொடங்கும். வாசல், திண்ணை, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். இன்று சென்னை மேடவாக்கத்தில் 850 சதுர அடி வீடு. தட்டுக்கு ஐம்பது நிமிடம். அன்று இடத்துக்கு ஒரு துடைப்பம் இருந்தது. கூடத்துக்குப் பூந்துடைப்பம். வாசலுக்கு விளக்குமாறு. தென்னங்கீற்றை மடியில் போட்டு, கத்தியால் ஓலையைச் சீவிச் சீவி ஈர்க்கை உருவுவார்கள். ஒரு பிடி சேர்ந்ததும் அடியைத் தரையில் தட்டிச் சமப்படுத்திக் கயிறு சுற்றுவார்கள். முனை தேய்ந்தால் அது கொல்லைக்குப் போகும், இன்னும் தேய்ந்தால் மாட்டுக்கொட்டகைக்கு, கடைசியில் அடுப்புக்கு. இன்று ஓர் உருளைத் தூரிகையும், பக்கவாட்டில் மூன்று கால் பிளாஸ்டிக் தூரிகையும், ஒரு ஃபில்டரும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆர்டர் போட்டு மாற்ற வேண்டும். பழையதைப் போட அடுப்பு இல்லை.

வாசல் தெளித்துப் பெருக்கிய பிறகு மண்ணில் ஈர்க்கு கீறிய அரைவட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். முதல் ஆள் மிதிக்கும்வரை அப்படியே இருக்கும். அந்த வாசலின் அழகைச் சொன்னால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: வாசலும் கொட்டகையும் பாட்டி பெருக்கியவை அல்ல. அதற்கென்று வேலைக்கு ஓர் அம்மா வருவார். கொல்லை வழியாகத்தான் வருவார், தாழ்வாரம் தாண்டி உள்ளே வந்ததில்லை, அவருக்கான டம்ளர் கொட்டகை எறவானத்தில் செருகியிருக்கும். கூட்டிய நெல்லில் பாதி மரக்கால் அவருக்குக் கூலியாகப் போகும். சென்னை வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மா எல்லா அறைக்கும் வந்தார், எங்கள் டம்ளரிலேயே காபி குடித்தார். தட்டு வந்த பிறகு அவருக்குப் பாத்திரம் மட்டும்தான். சம்பளத்தைக் குறைக்கவில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அடுத்த வருடம் ஏற்றவும் இல்லை.

இரவில் கூடாது என்ற சட்டம் நம் ஊரோடு முடியவில்லை. ஜெர்மனியில் கொலோன் பக்கம் இருக்கும் தங்கை வீட்டில் புல் வெட்டும் ரோபோ ஒன்று இருக்கிறது. சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995-ல் சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டியைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கும் வம்சம் அது. அரிவாளால் அறுத்தவர்கள் பனி ஈரம் காய்வதற்குள் புல்லை அறுத்து முடிப்பார்கள்; ஈரப் புல்தான் கத்திக்கு வாகாக நிற்கும். ரோபோவுக்குப் பகல், இரவு எல்லாம் ஒன்றுதான். அங்கேதான் வம்பு. முள்ளெலி இரவில் இரை தேடும் பிராணி. ஆபத்து வந்தால் ஓடாது, பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரிக்கு எதிரே அது நல்ல உத்தி, சுழலும் பிளேடுக்கு எதிரே அல்ல. 2024-ல் கொலோன் நகர நிர்வாகம் இரவில் புல்வெட்டி ரோபோக்களை ஓட்டத் தடை விதித்தது. தங்கை ஃபோனில் சொன்னபோது இருவருக்கும் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

துடைப்பத்தோடு போனது ஒரு பார்வை. குனிந்து பெருக்கிய பாட்டிக்குத் தரை ஒரு தகவல் பலகை. தூணடியில் பீடித் துண்டு கிடந்தால் சித்தப்பா ராத்திரி எத்தனை மணிக்கு வந்தார் என்று தெரியும். எறும்பு முட்டையோடு சுவரேறினால் விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வாள். தாத்தா லேகிய உருண்டையை விழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே எறிவதைக் கண்டுபிடித்ததும் பெருக்கும்போதுதான்.

இயந்திரமும் வீட்டைப் படிக்கிறது. சமையலறை, படுக்கையறை என்று பிரித்து வரைபடம் போட்டு ஃபோனுக்கு அனுப்புகிறது. 2002-ல் ஐரோபோ என்ற அமெரிக்க நிறுவனம் ரூம்பாவை 199 டாலருக்கு விற்றபோது அது முட்டி முட்டித் திரும்பும் ஒரு கண் தெரியாத வண்டு. அதற்குச் சற்று முன் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் விற்ற தட்டுக்கு, கடலடியில் ஊர்ந்து என்றோ அழிந்துபோன ட்ரைலோபைட்டின் பெயர். 2022-ல் ஐரோபோவை 170 கோடி டாலருக்கு வாங்குவதாக அமேசான் அறிவித்தபோது, கேட்பது தட்டையா, வீடுகளின் வரைபடத்தையா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2024 ஜனவரியில் அந்தப் பேரம் முறிந்தது. 2025 டிசம்பரில் ஐரோபோ திவால் மனுப் போட்டது. சித்தப்பாவின் பீடி விஷயம் பாட்டியோடு போனது. எங்கள் வரைபடம் யாரிடம் இருக்கிறதோ.

கிடைத்ததையும் மறைக்கக் கூடாது. பாட்டியின் முதுகு கடைசிப் பதினைந்து வருடம் நிமிரவே இல்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இன்னொன்று எனக்கே விசித்திரம். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் 15 முதல் 59 வயதுப் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் 2019-ல் நாளொன்றுக்கு 315 நிமிடம், 2024-ல் 305. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம். 2019-ல் ஒரு நாளில் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் நான்கில் ஒருவர்தான். நான் மற்ற மூவரில் ஒருவன். ஐம்பது வயதுவரை துடைப்பத்தைத் தொடாத கை இது. இன்று தூரிகையில் சுற்றிய முடியைக் கத்தரிப்பதும், கால்மிதியைச் சுருட்டி வைப்பதும், சார்ஜர் ஒயரைத் தரையிலிருந்து எடுப்பதும் என் வேலை. பொத்தான் வந்ததும் பெருக்குவது ஆண் வேலையாகிவிட்டது. மனைவி இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை.

போன மார்கழியில் மகளின் தோட்டுத் திருகாணி காணாமல் போனது. காலை வெயில் விழும் பால்கனியில் தாளை விரித்து, தட்டின் குப்பைப் பெட்டியைக் கவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒரு கட்டி. விரலால் பிய்த்துப் பார்த்தேன். முடி, கடுகு, பென்சில் சீவல், கோலமாவு. திருகாணி இல்லை, அது மூன்றாம் நாள் தலையணை உறையில் கிடைத்தது. பஞ்சுக்குள் வேறொன்று இருந்தது. பாதியாக உடைத்த வெள்ளை மாத்திரை. கிளறினால் இன்னொரு பாதி. அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய பிரஷர் மாத்திரை.

உள்ளே போய்க் கேட்டேன். கை நடுங்குகிறது, சில நாள் நழுவிவிடுகிறது, குனிந்து தேட முடியவில்லை, உன்னை எழுப்ப வேண்டாமே என்று விட்டுவிட்டேன் என்றாள்.

மறுநாள் காலையும் தாளை விரித்தேன்.