வெயிலை நம்பாதீங்க... தண்ணியைப் பாருங்க!

மார்கழி மாதக் காலை. முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் 'ஹா...' என்று மூச்சை இழுக்கிறீர்கள் இல்லையா? குளியலறையில் அது வேடிக்கை. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அதே 'ஹா' வந்தால்? உள்ளே போவது காற்று இல்லை, தண்ணீர்!

பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆற்றில் கயாக் ஓட்டுகிறவர்கள் பயப்பட வேண்டியது இந்த ஒரு மூச்சுக்குத்தான். கயாக் என்பது ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான படகு. தண்ணீர் புகாமலிருக்க இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு மூடி இருக்கும். படகு கவிழ்ந்தால் ஆளும் தலைகீழ்!

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெட்டோலியஸ் என்று ஒரு சின்ன ஆறு. பிளாக் பியூட் மலையடிவாரத்தில் ஊற்றாகப் பிறக்கிறது. நீளம் சுமார் 47 கிலோமீட்டர்தான். கேஸ்கேட் மலைகளின் மழையும் உருகிய பனியும் எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, பூமிக்கடியில் பயணம் செய்து இங்கே வெளியே வருகின்றன. அதனால் கோடையிலும் ஆறு வற்றுவதில்லை. கயாக்காரர்களுக்குக் கொண்டாட்டம்!

ஆனால், ஆபத்தும் அந்த ஊற்றிலிருந்துதான் வருகிறது. எப்படி என்கிறீர்களா?

பூமிக்கடியில் ஏது வெயில்? கரையில் 30 டிகிரி செல்சியஸ் காய்ந்தாலும், ஊற்றுத் தண்ணீர் சுமார் 9 டிகிரிதான். இன்னொன்று, ஊற்று ஆற்றில் பெரிய வெள்ளம் அபூர்வம். சாய்ந்து விழுந்த மரங்களை அடித்துச் செல்ல வழியில்லை. அப்படியே குறுக்கே கிடக்கும். கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும். மனிதன் டீ வடிகட்டியில் தங்கும் தூள் மாதிரி மாட்டிக்கொள்வான்.

உடம்பில் என்ன நடக்கிறது?

தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே போகிறது. பிறகு மூச்சு வாங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயம் படபடவென்று அடிக்கிறது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 'எனக்குத்தான் நீச்சல் தெரியுமே' என்பவரும் திணறுவது இதனால்தான்.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு '1-10-1' என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். மிகக் குளிர்ந்த தண்ணீருக்கான தோராயமான கணக்கு இது. ஆக, பலரை மடக்குவது உடல் வெப்பம் குறைவது அல்ல. முதல் சில நிமிடங்களின் திணறல்!

என்ன செய்யணும்?

* லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் கட்டாயம். அந்த முதல் நிமிடத்தில் உங்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்குவது ஜாக்கெட்தான்.

* வெயிலுக்கு ஏற்ற பனியன் போதாது. குளிர் தாங்கும் நீச்சல் உடை வேண்டும்.

* கவிழ்ந்த படகிலிருந்து மூடியின் பட்டையை இழுத்து வெளியே வருவதை, ஆழமான, அமைதியான தண்ணீரில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே பழகுங்கள்.

* வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதந்து கரை சேருங்கள்.

* மரத்தைத் தவிர்க்கவே முடியாதா? அப்போது மட்டும் தலை முன்னே வரும்படி திரும்பி, வேகமாக நீந்தி அதன் மேலே ஏறிவிடுங்கள்.

* கரை சேர்ந்தவருக்கு ஈர உடையை மாற்றிக் கம்பளி போர்த்துங்கள். நல்ல நினைவு இருந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடுக்கலாம். மது கூடாது; கை கால்களைத் தேய்க்கவும் கூடாது.

* தனியாகப் போகவே போகாதீர்கள்.

கயாக் ஏறாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. குளிர்ந்த தண்ணீர் எதுவானாலும் தடாலென்று குதிக்காமல், மெதுவாக இறங்குங்கள். முதல் நிமிடம் மூச்சுக்கு... நீச்சலெல்லாம் அப்புறம்தான்!