பழைய காரும் விரிசல் கண்ட பிளாஸ்திக்கும்

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் கார் இன்றும் எமது வீதிகளில் ஓடுகின்றது. அதன் தகட்டைத் துரு தின்றால் ஒட்டுத்தகடு வைத்து உருக்கி இணைக்க வல்லோர் உளர். ஸ்டியரிங் சக்கரம் வெடித்தாலோ, பின்விளக்கின் சிவப்பு மூடி கீறலிட்டாலோ, "பசை போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை" என்று கைவிரிப்பர். பெரும்பாலும் குற்றம் பசையினதன்று. எப்பொருளை ஒட்டுகின்றோம் என்பதை அறியாமையே.

பிளாஸ்திக்கு என்பது ஒரு குடும்பத்தின் பெயர். 1907இல் லியோ பேக்லண்ட் ஆக்கிய பேக்கலைற்று, ஒருமுறை இறுகினாற் பின் வெப்பத்தால் இளகாது. எளிதிற் கரையவும் மாட்டாது. அதற்கு எப்பொக்சிப் பசையே ஏற்றது. ஏ.பி.எஸ். என்னும் வகையோ அசற்றோனிற் கரையும். அத்திரவம் இரு விளிம்புகளையும் இளக்க, அவை தம்முட் கலந்து ஓருடலாகின்றன. (அசற்றோன் தீப்பற்றக்கூடியது, காற்றோட்டமான இடத்திலேயே கையாளுக.) பொலிப்புரொப்பிலீன் சாதாரணப் பசை எதனையும் ஏற்பதில்லை. மறைவான ஓரத்தில் ஒரு துணுக்கைச் சீவி நீரிலிடுக. மிதந்தால் பெரும்பாலும் அது பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலித்தீன். அவற்றை வெப்பத்தால் இணைத்தலே தகும்.

விரிசலின் முனையைக் கவனியாதோர் பலர். விசை அக்கூரிய முனையிற் குவிவதால், பசையிட்ட பின்னரும் கீறல் முன்னேறும். முனையில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்த் துளையிட்டால் அதன் ஓட்டம் தடைப்படும். பின்னர் விரிசலை ஆப்பு வடிவப் பள்ளமாக அகழ்ந்து, அரத்தாளாற் சொரசொரப்பாக்கி, மதுசாரத்தால் துடைத்தல் வேண்டும். பளபளப்புக்காகப் பூசிய மெழுகும் சிலிக்கோனும் பசைக்குப் பெரும் பகை. அக்கிரிலிக் விளக்குமூடியை மட்டும் சவர்க்கார நீராற் கழுவுக; மதுசாரம் அதில் மயிரிழைக் கீறல்களை உண்டாக்கிவிடும்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பொக்சியை அவசரக்காரர் விரும்புவர், நான் விரும்பேன். வெயிலில் நிறுத்திய காரினுள்ளே முகப்புப் பலகையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேலும் ஏறும். விரைவுப் பசைகள் பல அங்கே இளகிவிடும். ஒருநாள் காத்திருந்து இறுகும் வகையே வலிது.

ஸ்டியரிங் சக்கரத்திற்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1950களின் பல கார்களில் அது எஃகு வளையத்தின்மேல் வார்க்கப்பட்டது. விரிசல்வழி புகுந்த ஈரம் எஃகை அரித்திருக்கலாம். பள்ளம் அகழும்போதே உள்ளே பாருங்கள். துரு மேலோட்டமாயின் சுரண்டிவிட்டுப் பசையிடலாம். வளையம் ஒடிந்திருப்பின் வேறு சக்கரம் கிடைக்கும்வரை வண்டியை வீதிக்குக் கொண்டுவரலாகாது.