ரோங்கெலாப்: ஒன்பது ஆண்டு கழித்துத் தெரிந்த நோய்

1954 மார்ச் 1 அதிகாலையில், பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிகினியில் அமெரிக்கா 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்த வலிமை சுமார் 6 மெகாடன், வெடித்ததோ 15. தூள்தூளான பவளப்பாறை, கதிரியக்கம் ஏறிய வெண்பொடியாகிக் காற்றோடு கிழக்கே போனது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோங்கெலாப் தீவில் சில மணி நேரத்தில் அது கொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். குடிநீர்த் தொட்டிகளிலும் பொடி விழுந்தது. வாந்தியும் அரிப்பும் உடனே வந்துவிட்டன. இரண்டு வாரத்துக்குள் தோல் புண்ணாகி, முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கடற்படைக் கப்பல் வந்து மக்களை ஏற்றிச் சென்றது.

தோல் ஆறியது, முடி முளைத்தது, ரத்த அணுக்களும் மெல்லக் கூடின. ஆனால் அசல் பாதிப்பு கழுத்துக்குள் இருந்தது.

நம் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் தேவை. உப்பில் அதைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். பொடியோடு வந்த கதிரியக்க அயோடின் எது, சாதாரண அயோடின் எது என்று சுரப்பிக்குப் பிரித்தறியத் தெரியாது. கிடைத்ததை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். குழந்தைகளின் சுரப்பி மிகச் சிறியது என்பதால், அதே அளவு அயோடின் அங்கே பல மடங்கு கதிர்வீச்சைப் பாய்ச்சுகிறது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். சில மாதங்களில் தடயமே இருக்காது. ஆனால் அது சிதைத்துவிட்டுப் போன செல்கள் பாதிப்பை வெளிக்காட்ட ஆண்டுக்கணக்காகும். 1963இல் ஒரு சிறுமிக்குத் தைராய்டில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கட்டிகள் வரிசையாக வந்தன. வெடிப்பின்போது 10 வயதுக்குட்பட்டிருந்த ரோங்கெலாப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கட்டி வந்தது. பலரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு சிறுவர்களுக்குச் சுரப்பியே செயலிழந்து வளர்ச்சி குன்றியது. ஒரு வயதில் பொடியில் நனைந்த ஒருவர், 1972இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

இதற்கிடையே, 1957இலேயே மக்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என் பார்வையில், முதல் விபத்தைவிட மன்னிக்க முடியாதது இந்த முடிவு. மண்ணில் சீசியம்-137 அப்படியே கிடந்தது; அது பாதியாகவே 30 ஆண்டுகள் ஆகும். பவள மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. பொட்டாசியத்தைத் தேடும் வேர்கள், அதே குணமுள்ள சீசியத்தை உறிஞ்சிவிடுகின்றன. தேங்காய், தாழம்பழம், தென்னை நண்டு எல்லாவற்றிலும் அது ஏறியது. மக்களின் அன்றாடச் சாப்பாடே அவைதான். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து அவர்கள் உடலில் ஏறிய சீசியத்தை அளந்தார்கள்.

கருச்சிதைவுகளைப் பற்றியும், எலும்பில்லாமல் பிறந்த சிசுக்களைப் பற்றியும் தீவுப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லிஜோன் எக்னிலாங் 1995இல் சர்வதேச நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். மக்கள்தொகை சிறியது, கணக்கெடுப்பில் நிறுவ முடியாது என்பது அந்தச் சாட்சியங்களை ஒதுக்கக் காரணமாகாது.

1985இல் ரோங்கெலாப் மக்கள் தாங்களாகவே ஊரைக் காலிசெய்தார்கள். கிரீன்பீஸின் ரெயின்போ வாரியர் கப்பல் அவர்களை மெஜாட்டோ தீவில் இறக்கியது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மார்ஷல் தீவுகள் முழுமைக்கும் எடுத்தால் புற்றுநோய்களில் சுமார் 1.6 சதவீதமே அங்கு நடந்த அணுச்சோதனைகளின் கதிர்வீச்சால் வந்திருக்கும். பிராவோ வெடித்த அன்று ரோங்கெலாப்பிலும் அருகிலிருந்த ஐலிங்கினேயிலும் இருந்த 82 பேரை மட்டும் தனியே எடுத்தால், அது 55 சதவீதம்.